ஜி.என்.ஆர். பற்றிப் பேசுமுன்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. புரதங்களின் வடிவத்தை ஆராய்ந்த இயற்பியலாளர் ஜி.என்.ராமச்சந்திரனைப் பற்றி மாணவர்களிடம் பேசப் போகிறாய் என்பதில் மகிழ்ச்சி. நோபல் கிடைக்கவில்லையே என்ற வழக்கமான புலம்பல் மட்டும் வேண்டாம்.

தோலிலும் எலும்பிலும் உள்ள புரதமான கொலாஜனில் தொடங்கு. 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து அவரும் கோபிநாத் கர்த்தாவும் அதற்கு மூவிழைச் சுருள் வடிவம் சொன்னார்கள். சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்று அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் குறை சொன்னார்கள். அப்படியானால் எவ்வளவு நெருங்கலாம்? அந்தக் கணக்குதான் 1963-இல் ராமகிருஷ்ணன், சசிசேகரனோடு வெளியிட்ட, இன்று ராமச்சந்திரன் வரைபடம் எனப்படும் படத்தில் போய் நின்றது.

படத்தை எடுத்தவுடன் காட்டிவிடாதே. தூரப் பட்டியலைக் கொடு. ஒன்றோடொன்று பிணைக்கப்படாத இரண்டு கார்பனுக்கு இடையே சாதாரணமாகக் குறைந்தது 3.2 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு), மிக நெருங்கினால் 3.0. இரண்டு ஹைட்ரஜனுக்கு 2.0, 1.9. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி; அவற்றை இணைக்கும் பெப்டைடு பிணைப்பு தட்டையானது என்பதால் சங்கிலியில் தாராளமாகத் திரும்பும் கோணங்கள் ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் இரண்டுதான்: அதன் நடுவிலுள்ள ஆல்ஃபா கார்பனுக்கு நைட்ரஜன் பக்கம் ஃபை, கார்பனைல் (C=O) பக்கம் சை. இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, முட்டல் வரும் கோணங்களைக் கழித்தால் மிஞ்சுவதுதான் படம். புரதங்களில் அடிக்கடி வரும் ஆல்ஃபா சுருள் ஃபை –57, சை –47 பாகைப் பக்கத்தில் விழும். கிளைசீன் என்ற அமினோ அமிலத்துக்குப் பக்கச் சங்கிலி இல்லை, பரந்து திரியும். புரோலின் என்ற இன்னொன்றின் வளையம் ஃபையை –65-ஐ ஒட்டிக் கட்டிப்போடும். எனவே இவ்விரண்டுக்கும் தனிப் படம் கொடு, இல்லாவிட்டால் சரியான கிளைசீனைக்கூடத் தப்பு என்பார்கள்.

ஒரு புரதக் கட்டமைப்பை இந்தப் படத்தில் சோதிக்கும்போது அடுத்தடுத்த இரண்டு அமினோ அமிலங்கள் சேர்ந்தாற்போல் அனுமதித்த பகுதிக்கு வெளியே விழுந்தால், நடுவிலுள்ள பெப்டைடு தலைகீழாகப் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல். அது புரண்டால் முன்னதின் சையும் பின்னதின் ஃபையும் ஒன்றாகக் கெடும். 3 ஆங்ஸ்ட்ராம் அளவுக்கே நுணுக்கம் காட்டும் மங்கலான எக்ஸ்-கதிர் தரவில் இது சகஜம். ஆனால் அணுக்கள் எங்கே நிற்கின்றன என்று காட்டும் எலக்ட்ரான் அடர்த்தி அங்கே தெளிவாக இருந்தால் கை வைக்காதே. புரதத்தில் வேதிவினை நடக்கும் இடத்தில் நிஜமாகவே முறுக்கிக்கொண்டு நிற்பவை உண்டு. இப்போது சிலர் வரைபடத்தையே கட்டுப்பாடாகப் போட்டுக் கட்டமைப்பைச் சீராக்குகிறார்கள். வினாத்தாளை முன்கூட்டியே கொடுத்துவிட்டுத் தேர்வு வைப்பதுபோல்தான் அது. பிறகு 98 சதவீதம் உள்ளே விழுந்தது என்று காட்டி என்ன பயன்?

நேரமிருந்தால் 1971-ஐயும் சொல். லட்சுமிநாராயணனோடு சேர்ந்து, பல திசைகளில் எடுத்த எக்ஸ்-கதிர் நிழல்களிலிருந்து உடலின் குறுக்குவெட்டைக் கணக்கிட ஃபூரியர் மாற்றம் என்ற கணித முறை இல்லாமலே வழி காட்டினார்: ஒவ்வொரு நிழலையும் ஒரு வடிகட்டிச் சார்போடு சுருட்டிப் பெருக்கி (convolution), பிறகு வந்த திசையிலேயே திருப்பிப் பரப்புவது. வடிகட்டாமல் பரப்பினால் படம் மங்கிக் குழம்பும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டு.

அன்புடன்,
உன் பழைய தோழன்