ஜெல்லுக்குச் சிந்தனை இல்லை, குழிவு இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெட்டினால் தானே ஒட்டிக்கொள்ளும் ஜெல் பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தேன். இத்தகைய செய்தியைத் தமிழில், அதுவும் நாளிதழில் பார்ப்பது அரிது என்பதால் மகிழ்ந்தேன். ஆனால், கட்டுரை நெடுகிலும் அந்த ஜெல்லைச் 'சிந்திக்கும் பிளாஸ்டிக்' என்றே எழுதியிருந்தது எனக்கு வருத்தம் தந்தது. மறுநாள் வகுப்பில் பிளஸ் டூ மாணவி ஒருத்தி, "டீச்சர், அந்த ஜெல்லுக்கு உயிர் இருக்கா?" என்று கேட்டாள். அவள் அப்படிக் கேட்டதில் தவறே இல்லை. கட்டுரை அவளை அங்கேதான் கொண்டுபோய் விட்டிருந்தது.

ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் அகிரா ஹராடா குழுவினர் 2011-இல் வெளியிட்ட அந்த ஜெல்லில் நிகழ்வதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாவுச்சத்தை நொதியால் சிதைத்தால் கிடைக்கும் பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின், 7 குளுக்கோஸ் அலகுகள் வட்டமாகக் கைகோத்த, அடியில்லாத கிண்ணம் போன்ற மூலக்கூறு. அதன் வெளிப்புறம் நீரோடு இணங்கும், ஏறத்தாழ 0.6 நானோமீட்டர் அகலமுள்ள உட்குழிவோ நீரைவிட எண்ணெய்த் தன்மையுள்ள பொருளையே விரும்பி ஏற்கும். சிறு அலகுகள் நெடுகக் கோத்த மூலக்கூறான ஒரு பாலிமர் சங்கிலியில் இந்தக் கிண்ணங்களையும், இன்னொரு சங்கிலியில் ஃபெரோசீன் என்னும் இரும்புச் சேர்மத்தையும் பிணைத்து நீரில் கலந்தால், ஃபெரோசீன் கிண்ணத்துக்குள் புகுந்து இரு சங்கிலிகளையும் முடிச்சிட்டு ஜெல்லாக்குகிறது. கத்தியால் வெட்டும்போது பெரும்பாலும் இந்த முடிச்சுகளே அவிழ்கின்றன. வெட்டிய முகங்களை ஒன்றோடொன்று பொருத்தி வைத்தால், விடுபட்ட ஃபெரோசீன்கள் எதிர்முகத்தின் காலிக் கிண்ணங்களில் மறுபடி நுழைகின்றன. வெளுப்பானாக நாம் பயன்படுத்தும் சோடியம் ஹைப்போகுளோரைட்டை வெட்டுமுகத்தில் தடவினால், ஃபெரோசீன் ஆக்சிஜனேற்றமடைந்து நேர்மின்சுமை பெறுகிறது; மின்சுமையோடு அதற்குக் குழிவில் இடமில்லை, ஆகவே வெட்டு ஆறுவதில்லை. நம் உயிரணுக்களிலும் உள்ள குளூட்டாதையோன் என்னும், ஆக்சிஜனேற்றத்தை மீட்டுத் திருப்பும் ஒடுக்கியைச் சேர்த்தால் ஒட்டும் திறன் திரும்புகிறது.

தூண்டலுக்கேற்பத் துலங்கும் இத்தகைய பாலிமர்களுக்கு அடிப்படையான இந்தத் துறைக்கு, விருந்தோம்பி–விருந்தினர் வேதியியல் என்று தமிழில் அழகான பெயர் இருக்கிறது; கிண்ணம் விருந்தோம்பி, அதில் புகும் மூலக்கூறு விருந்தினர். (இதில் வழி திறந்த பெடர்சன், க்ராம், லேன் மூவருக்கும் 1987-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.) கட்டுரையாளர் இந்தப் பெயரை ஓரிடத்திலும் குறிப்பிடாததே எனக்குப் பெருங்குறையாகத் தோன்றியது. விருந்தினர் தங்குவதும் கிளம்புவதும் அளவு, வடிவம், மின்சுமை, வெப்பம் ஆகியவற்றைப் பொறுத்தவை என்று ஒரு வரி எழுதியிருந்தால், சிந்தனையைத் துணைக்கு அழைக்க வேண்டியிருந்திராது.

என் மாணவிக்கு நான் பதிலைச் சோதனைக் குழாயில்தான் காட்டினேன். நீர்த்த சோடியம் கார்பனேட் கரைசலில், காரத்தில் இளஞ்சிவப்பாகும் நிறங்காட்டியான பினாப்தலீனைச் சில துளி விட்டதும் இளஞ்சிவப்பு எழுந்தது. சிட்டிகையளவு பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரினைப் போட்டுக் குலுக்கியதும் நிறம் கண்ணெதிரே வெளிறிப் போயிற்று. காரம் தீர்ந்துவிட்டது என்றே வகுப்பு முழுவதும் நினைத்தது. காரம் இருந்தால் நீலமாகும் சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்துப் பார்த்தபோது அது நீலமாகவே மாறியது. பினாப்தலீன் கிண்ணத்துக்குள் போய், நிறமற்ற வடிவில் மடங்கியிருக்கிறது என்று விளக்கிவிட்டுக் குழாயை வெந்நீரில் இறக்கினேன். சூடேற ஏற, விருந்தினர் வெளியேறி இளஞ்சிவப்பு மீண்டது, குளிர்ந்ததும் மறைந்தது. அந்தப் பெண் குழாயைத் தன் கையில் வாங்கி மூன்று முறை சூடாக்கிக் குளிரவைத்துப் பார்த்தாள், உயிரைப் பற்றி அதன்பிறகு கேட்கவில்லை, "எத்தனை டிகிரியில மாறுது?" என்று கேட்டாள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உடைந்த வாளி முதல் கார் பம்பர் வரை இனித் தாமே ஒட்டிக்கொள்ளும் என்று கட்டுரை நம்பிக்கை ஊட்டியிருந்தது. இந்த ஜெல்லின் பெரும்பகுதி நீர். சங்கிலிகள் அசைந்து ஒன்றையொன்று தேடிச் சேர அந்த நீர் வேண்டும். உலர்ந்துபோனால் அந்த அசைவுக்கு வழியில்லை. மேலும், எளிதில் அவிழ்ந்து எளிதில் சேரும் பிணைப்பை நம்பிய பொருளிடம் வாளியின் உறுதியை எதிர்பார்க்க முடியாது. இந்தக் கிண்ணத்தின் உண்மையான பெருமையை அறிய விரும்புவோர் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். அறுவை சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் ரோகுரோனியத்தை, முடிந்தபின் தன் குழிவுக்குள் அடைத்துச் செயலிழக்கச் செய்யும் சுகமாடெக்ஸ் என்ற மருந்து, 8 குளுக்கோஸ் அலகுகள் கொண்ட சைக்ளோடெக்ஸ்ட்ரினை மாற்றியமைத்து உருவாக்கப்பட்டதே. ஐரோப்பாவில் 2008-லும் அமெரிக்காவில் 2015-லும் அது ஒப்புதல் பெற்றது.

ஆகவே, 'சிந்திக்கும் பிளாஸ்டிக்' என்ற சொல்லைத் திருத்தி, விருந்தோம்பி–விருந்தினர் வேதியியல் பற்றிய சிறு விளக்கத்தையேனும் அடுத்த வார அறிவியல் பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். சோதனைக் குழாயின் மூன்று நிலைகளையும் மாணவிகள் படமெடுத்து வைத்திருக்கிறார்கள்; தேவையெனில் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியை,
விருத்தாசலம்.