பாரிஸ் 'பி', பாஸ்டன் 'பி'

மச்சான்,

ஆறு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை, தப்புதான். அம்மா ஒஹையோவுக்கு வந்து மூன்று மாதமாகிறது, நலம். உன் வீட்டில் முட்டுவலி தேவலையா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் அம்மாவின் பிரஷர் மாத்திரைக்காக மருந்துக்கடைக்குப் போன் செய்து, 'பழனி' என்று ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிச் சொன்னேன். அப்படி யாரும் இல்லை என்றாள் அந்தப் பெண், இரண்டு தடவை. பாஸ்டனுக்கு வரும் 'பி'யில் தேடியிருக்கிறாள்! பாரிஸுக்கு வருகிற 'பி' என்று சொன்ன பிறகுதான் கிடைத்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று ராத்திரியே பேச்சொலியை அளக்கும் பிராட் மென்பொருளை இறக்கி (ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் செய்தது, இலவசம்), நானும் மகளும் 'பின்' என்ற ஆங்கிலச் சொல்லைச் சொல்லிப் பதிவு செய்தோம். உதடு திறந்ததிலிருந்து குரல் அதிரத் தொடங்கும் வரை எனக்கு 14 மில்லிசெகண்ட், இங்கேயே பிறந்த அவளுக்கு 61. அந்த இடைவெளி முழுக்க வெறும் மூச்சு. டிஷ்யூ காகிதத்தை வாய்க்கு முன்னால் பிடித்துப் பார்த்தோம். அவள் சொன்னால் படபடக்கிறது, நான் சொன்னால் அசையவே இல்லை.

லிஸ்கர், ஆப்ராம்சன் என்ற இரண்டு ஒலியியல் ஆய்வாளர்கள் 1964-லேயே பதினொரு மொழிகளில் இதை அளந்திருக்கிறார்கள், அதில் தமிழும் உண்டு மச்சான்! சொல்லின் முதலில் வரும் தமிழ் 'ப' சராசரி 12 மில்லிசெகண்ட், அமெரிக்கரின் பாரிஸ் 'பி' 58, அவர்களுடைய பாஸ்டன் 'பி' வெறும் 1. அப்படியென்றால் என் 'பி' அவர்கள் காதில் பாஸ்டன் பக்கம்தானே போய் விழும்? அந்தப் பெண்மேல் குற்றமில்லை. என்மேலும் இல்லை. முதல் வேலையில் மேலதிகாரி 'உன் பேச்சு தெளிவில்லை' என்று எல்லார் முன்னாலும் சொன்னாரே, நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. கொஞ்சம் மூச்சு கூடுதலாக விடு என்று யாராவது சொல்லியிருந்தால் ஒரே மத்தியானத்தில் பழகியிருப்பேன்.

அப்புறம் உன் 'ரொறன்ரோ', டொரான்டோவை நீங்கள் எழுதும் விதம். ஹாஸ்டலில் எத்தனை நாள் கேலி செய்தோம்! நாங்கள் 'ட' போட்டு நாக்கை மேலே மடிக்கிறோம். ஆங்கிலேயர் நாக்கு நுனியை மேல் பல்லுக்குப் பின்னால் ஈறில்தான் வைக்கிறார்கள், உங்கள் யாழ்ப்பாணத்து 'ற்ற' போல. நீங்கள் எழுதியது காரணத்தோடுதான். மன்னித்துவிடு, நிஜமாகச் சொல்கிறேன்.

'பின்', 'டின்', 'ரொறன்ரோ' மூன்றையும் மும்மூன்று தடவை சொல்லி போனில் பதிவு செய்து அனுப்பு. ஃபேனை அணைத்துவிட்டுப் பேசு, இரைச்சலில் மூச்சு தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அளந்துவிட்டு எழுதுகிறேன்.

உன்
மச்சான்