ஆனி மாதம் வாருங்கள், ஐயா

மூர்ட்டன், சுவிற்சர்லாந்து
பங்குனி 9

அன்புள்ள ஐயாவுக்கும் அம்மாவுக்கும்,

நாங்கள் நால்வரும் நல்ல சுகம். உங்கள் சுகத்துக்கு நல்லூர்க் கந்தனை வேண்டுகிறேன். அம்மாவின் முழங்கால் நோ குறைந்துவிட்டதா? எண்ணெய் பூசுவதை இடையில் விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஐயா தொலைபேசியில் சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது. "அங்கே வந்து மூன்று மாதம் நாலு சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது, பிள்ளை. எனக்கு இங்கே தோட்டம் இருக்கிறது" என்றீர்கள். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் தொலைபேசி அம்மாவின் கைக்குப் போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் என்றால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திண்ணையில் இருந்து, கடைசி வரி வரைக்கும் வாசிப்பீர்கள்.

ஐயா, இந்த ஊரில் நான் வீட்டுக்குள் இருக்கும் நேரம் மிகக் குறைவு. பதின்மூன்று வருடத்தில் எனக்கென்று சில இடங்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன். உங்களை எங்கெங்கே கூட்டிப்போவேன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். மூர்ட்டன் ஓர் ஏரிக்கரைப் பட்டினம். பழைய ஊர் முழுவதும் மதிலுக்குள் அடங்கிவிடும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அம்மாவே ஆறுதலாக நடந்துவிடலாம். ரயில் நிலையத்துப் பலகையில் ஊருக்கு இரண்டு பெயர் எழுதியிருக்கும். ஜேர்மன் பேசுகிறவர்களுக்கு மூர்ட்டன், பிரெஞ்சு பேசுகிறவர்களுக்கு மோரா.  ஐம்பத்தெட்டில், மொழிச் சண்டை நாட்களில், எங்கள் நாட்டில் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசிய கதையை நீங்கள் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறீர்கள். இங்கே வந்த புதிதில் அந்தப் பலகையின் கீழே நின்று அதைத்தான் நினைத்தேன். ஒரு பெயர் மற்றப் பெயரை அழிக்காமல் பக்கத்தில் சும்மா இருக்கிறது. இப்போதும் ரயிலுக்குக் காத்திருக்கும்போது அதை ஒருமுறை வாசிக்காமல் விடமாட்டேன்.

உங்களை முதலில் கூட்டிப்போகும் இடம் மதில். ஜேர்மன் தேவாலயத்துக்குப் பின்னால் படி ஏறினால் மதிலின் மேல் நடைபாதை வரும். பலகைத் தளம், தலைக்கு மேல் ஓட்டுக் கூரை. டிக்கெட் கிடையாது, காவலாளும் கிடையாது. ஒரு பக்கம் அம்பு எய்யும் துவாரங்கள். மறுபக்கம் ஊரின் செந்நிறக் கூரைகள், கூரைகளுக்கு அப்பால் ஏரி. 1416 இல் ஊர் முழுவதும் தீப்பற்றி எரிந்ததாம். அதற்குப் பிறகுதான் வீடுகளைக் கல்லில் கட்டினார்கள்.

நான் இங்கே வந்தது ஒரு தை மாதம் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் குளிரைவிட என்னை வாட்டியது பனிப்புகார். ஏரியிலிருந்து எழும்பி ஊர்மேல் படுத்துவிடும். நாட்கணக்காகச் சூரியனைக் காண முடியாது. நான் அழுததை அம்மாவுக்குச் சொல்லவில்லை. ஒருநாள் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் இந்த மதிலில் ஏறினேன். கீழே, மதிலை ஒட்டிய ஒரு சின்னத் தோட்டத்தில், ஒரு வயோதிபர் பனியைக் காலால் விலக்கி லீக்ஸ் பிடுங்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாகப் பிடுங்கி, வேரைச் சப்பாத்தில் இரண்டு தரம் தட்டி, மண்ணை உதிர்த்துவிட்டுக் கூடையில் போட்டார். வெங்காயம் கிண்டும்போது பிடியை முழங்காலில் இரண்டு தரம் தட்டுவீர்களே, அதே தட்டு. அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும்வரைக்கும் நான் அங்கேயே நின்றேன். கை விறைத்துப் போனதும் தெரியவில்லை. இந்த நாட்டில் எனக்கு முதன்முதலாக விளங்கிய விஷயம் அதுதான், ஐயா. மொழி விளங்கியது அதற்கு வெகுகாலம் பிறகு.

இந்த மதிலுக்கு ஒரு கதை இருக்கிறது. 1476 இல் பேர்கண்டி நாட்டுக் கோமகன் சார்ள்ஸ் பெரும் படையோடு வந்து இந்த ஊரை வளைத்துக்கொண்டான். உள்ளே இருந்தவர்கள் ஏறத்தாழ 2000 பேர்தான். ஏட்ரியான் ஃபொன் பூபன்பேர்க் என்ற தளபதியின் கீழ் கிட்டத்தட்ட இரண்டு வாரம் தாக்குப்பிடித்தார்கள். ஆனி 22 ஆம் திகதி சுவிஸ் கூட்டாளிப் படைகள் வந்து சார்ள்சின் சேனையை உடைத்தன. ஓட வழியில்லாமல் ஏரிக்குள் இறங்கி இறந்தவர்களே ஏராளம். வடிவான இந்த நீரில் அப்படியொரு நாள் இருந்திருக்கிறது.

முற்றுகை என்று படித்தபோது எனக்கு எங்கள் யாழ்ப்பாணக் கோட்டை நினைவுக்கு வந்தது. ஊருக்கு வந்திருந்தபோது பின்னேரம் பண்ணைப் பக்கம் கூட்டிப்போய், கோட்டை மதிலில் நடக்கவிட்டு, தொண்ணூறாம் ஆண்டு முற்றுகையில் எந்தத் திசையிலிருந்து ஷெல் வந்தது, தேவாலயம் எங்கே நின்றது என்று கையை நீட்டிக் காட்டினீர்கள். போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் பெருப்பித்த கோட்டை. நாங்கள் பார்த்தது பாதிக் கல்லும் பாதிக் காற்றும். இங்கே மதில் முழுசாக நிற்கிறது. சில துவாரங்களுக்குக் கீழே யாரோ பூச்சாடி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்குப் பொறாமையும் வருகிறது, எங்கள் கோட்டையும் இப்படி ஒருநாள் ஆகட்டும் என்ற ஆசையும் வருகிறது. இரண்டையும் ஒளிக்க நான் விரும்பவில்லை.

சவோய் குடும்பத்தார் கட்டிய கோட்டை மாளிகை ஒன்றும் இருக்கிறது. இப்போது அது மாவட்ட அலுவலகம். முற்றத்து வாங்கில் இருந்தால் ஏரி முழுவதும் தெரியும். அம்மாவுக்குக் கால் ஆற அது போதும். பழைய ஆலைக் கட்டடத்தில் ஒரு அரும்பொருட்காட்சியகமும் உண்டு. மழை பெய்தால் அங்கே போகலாம்.

இனி உங்களுக்கென்று நான் வைத்திருக்கும் இடம்.

நான் மரக்கறி கழுவிப் பெட்டியில் அடுக்கும் வேலை செய்கிறேன் என்று தெரியும். அந்தத் தோட்டங்களை நான் ஒருபோதும் சரியாகச் சொன்னதில்லை. ஊருக்கு வடக்கே கேர்சர்ஸ் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் சமதரை. மலைநாடு என்று சொல்லும் இந்தத் தேசத்தில் இவ்வளவு சமதரையா என்று முதல்நாள் திகைத்துவிட்டேன். முன்னர் அது முழுவதும் சதுப்பு. மூர்ட்டன், நொஷத்தல், பீல் என்ற மூன்று ஏரிகளும் வெள்ளம் வந்தால் கரை தாண்டி ஒன்றாகிவிடுமாம். 1868 இல் தொடங்கி இருபது வருடத்துக்கு மேல் வாய்க்கால் வெட்டினார்கள். ஆரெ என்ற ஆற்றையே திருப்பி பீல் ஏரிக்குள் விட்டார்கள். ஏரிகளின் நீர்மட்டம் ஏறத்தாழ 2.5 மீற்றர் இறங்கியது. இறங்கிய இடம்தான் இன்று சுவிற்சர்லாந்தின் மரக்கறித் தோட்டம். கரட், சலாது, லீக்ஸ், வெங்காயம், செலரி என்று கோடு கிழித்தது போல வரிசை வரிசையாக நிற்கும்.

அந்த மண் கறுப்பு, ஐயா. எங்கள் செம்பாட்டு மண்ணைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது மண்ணாகவே படவில்லை. கரித்தூள் போல இருக்கும். கையில் எடுத்தால் பாரமில்லை. ஈரமாக இருந்தால் பஞ்சு போல அமுங்கும், காய்ந்துவிட்டால் காற்றுக்குப் பறக்கும். ஆயிரக்கணக்கான வருடம் தண்ணீருக்குள் கிடந்து மக்கிய நாணலும் பாசியும்தான் அது. லீக்ஸ் மடலுக்குள் அந்த மண் இருக்கும். எத்தனை தரம் கழுவினாலும் ஒரு கறுப்புக் கோடு மிஞ்சும். என் நகக்கண்ணில் இருப்பதும் அதுதான். மாட்டெரு போடாமலே விளைகிற மண் என்று நீங்கள் நினைப்பீர்கள். ஆனால் அதற்கும் ஒரு கெடுதி இருக்கிறது. தண்ணீரை வடித்த நாளிலிருந்து காற்றுப் பட்டு அது கரைந்துகொண்டே போகிறது. நிலம் வருடாவருடம் தாழ்கிறது. சில இடங்களில் அடியிலுள்ள வெளிறிய மண் மேலே தெரியத் தொடங்கிவிட்டது. கூட இறைத்தால் கிணறு உவராகும் என்று நீங்கள் கவலைப்படுவது போல, இங்குள்ள தோட்டக்காரர்கள் மண்ணின் ஆழத்தை நினைத்துக் கவலைப்படுகிறார்கள்.

இதையெல்லாம் நான் சொல்லி நீங்கள் கேட்பதைவிட, நீங்களே குனிந்து ஒரு பிடி அள்ளி விரலால் நசுக்கிப் பார்க்க வேண்டும். அதைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏரிக்கு அக்கரையில் வூலி என்று ஒரு குன்று, 653 மீற்றர். தெற்குச் சரிவு முழுவதும் திராட்சைத் தோட்டம். கோடையில் இங்கிருந்து படகு போகும். குறிகாட்டுவானில் நெடுந்தீவுப் படகு ஏறியது போல நெரிசல் இல்லை. கால் நீட்டி இருக்கலாம். ஏரி பெரிதல்ல, ஆகத் தாழ்ந்த இடமே 45 மீற்றர்தான், அதனால் கோடையில் தண்ணீர் சீக்கிரம் சூடேறும். குன்றின் மேல் பனியாறு எப்போதோ உருட்டிவந்து போட்ட பெரிய கருங்கல் ஒன்று கிடக்கிறது. மூத்தவன் ஒவ்வொரு தரமும் அதில் ஏறி நின்றுதான் இறங்குவான். உச்சியிலிருந்து பார்த்தால் மூன்று ஏரிகளும் கறுத்தத் தோட்டங்களும் ஒரே பார்வையில் தெரியும்.

இவர் வேலை செய்யும் உணவகம் கரையோரத்தில் இருக்கிறது. ஏரி மீனை முள் நீக்கி வெண்ணெயில் பொரித்துக் கொடுப்பார்கள். அம்மாவுக்கு உப்புப் போதாது என்று இவர் இப்போதே சொல்கிறார். அவருக்குத் தனியாக மிளகாய்த்தூள் போட்டு வீட்டில் பொரிப்போம். பெரிய தெருவின் வளைவு நடைபாதைக்குக் கீழே ஒரு வெதுப்பகம் உண்டு. அங்கே நீடல்கூகன் என்று ஒன்று செய்கிறார்கள். பாண் மாவின் மேல் கட்டிப் பாலாடையும் சீனியும் ஊற்றி, மேல்பக்கம் சிவந்து உறையும்வரை சுடுவது. ஐயா, அதன் ஓரத்தில் பாலாடை கருகிப் பிடித்திருக்கும் இடம் பால்ரொட்டிச் சட்டியின் அடி போல மணக்கும். அந்த ஓரத் துண்டை உங்களுக்கென்று கேட்டு வாங்குவேன்.

கோயில் பற்றி அம்மா கேட்டார். பேர்ணில் பல சமயத்தவரும் ஒரே கட்டடத்தில் வழிபடும் இல்லம் ஒன்று 2014 இல் திறந்தார்கள். அதற்குள் எங்கள் சைவக் கோயிலும் இருக்கிறது. இங்கிருந்து ரயிலில் அரை மணித்தியாலத்துக்குச் சற்று மேல். வெள்ளிக்கிழமைகளில் கூட்டிப்போவேன்.

ஆனி மாதம் வாருங்கள் என்று சொல்வதற்குப் புகார் மட்டும் காரணமல்ல. அந்த 22 ஆம் திகதி, அத்தனை பேர் இறந்த அதே நாளில், இந்த ஊரில் பிள்ளைகளின் திருவிழா. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெள்ளை உடுத்து, பூ வைத்து, மதிலுக்குள் ஊர்வலம் போவார்கள். இந்த வருடம் சின்னவளும் போகிறாள். அம்மப்பா தெருவோரத்தில் எந்த இடத்தில் நிற்பார் என்று இப்போதே கேட்கிறாள். பெரிய தெரு திரும்பும் இடத்தில் நிழல் இருக்கிறது, அங்கே நிற்பார் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கடவுச்சீட்டின் பிரதியைத் தம்பியிடம் கொடுத்து இந்தக் கிழமையே அனுப்பச் சொல்லுங்கள். விசா விண்ணப்பத்துக்கு நாட்கள் வேண்டும். தோட்டத்தை எண்ணி யோசிக்காதீர்கள். வெங்காயம் எடுத்து மருதனார்மடம் சந்தைக்குப் போட்டுவிட்டு, மிச்சத்தைப் பக்கத்துத் தறைக்காரரிடம் ஒப்படைத்தால் பார்த்துக்கொள்வார்.

இன்னொன்று. நான் வேலை செய்யும் தோட்டத்து முதலாளியின் தகப்பன் உங்கள் வயதுதான். நாள்தோறும் காலையில் வந்து, நாங்கள் அடுக்கிய பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போவார். என்னுடைய ஐயாவும் தோட்டக்காரர், கிணற்றிலிருந்து இறைத்து வெங்காயம் செய்கிறவர் என்று போன கிழமை அவருக்குச் சொன்னேன். அவர் உடனே, "சிவந்த மண் என்றால் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விடுவார்? நட்டதிலிருந்து எத்தனை இறைப்பு?" என்று கேட்டார். எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் வந்து சொல்வீர்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் தினமும் கேட்கிறார், ஐயா.

அன்பு மகள்