பெர்க்லியில் இடம் உறுதி என்று யார் சொன்னது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கல்வி இணைப்பில் வெளியான அமெரிக்கப் படிப்பு பற்றிய கட்டுரையில் ஒரு வரி: "கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் முடித்தால் போதும், ஒப்பந்தப்படி பெர்க்லியில் மூன்றாம் ஆண்டு இடம் உறுதி." இந்த உறுதியைத் தந்தது யார் என்று கட்டுரை முழுக்கத் தேடினேன். பெர்க்லி தரவில்லை என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்கு, அதாவது இரண்டாண்டுக் கம்யூனிட்டி காலேஜிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறவர்களுக்கு, பாடத்திட்டம் போட்டுக்கொடுப்பது என் தொழில்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு, பெர்க்லி உட்பட, இளங்கலை வளாகங்கள் ஒன்பது. அவற்றில் 'டேக்' எனப்படும் டிரான்ஸ்ஃபர் உத்தரவாதம் தருபவை ஆறுதான்: டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ். பெர்க்லி, யூசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சலஸ் வளாகம்), சான் டியேகோ மூன்றிலும் அது கிடையாது. தருகிற ஆறிலும் எல்லாத் துறைக்கும் இல்லை. சாண்டா பார்பராவின் பொறியியல் கல்லூரி இதில் சேராது. நம் வீடுகளில் முதலில் கேட்பது கம்ப்யூட்டர் சயன்ஸும் இன்ஜினியரிங்கும்தான் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

உத்தரவாதம் இருக்கிற இடத்திலும் அது தானாக நடந்துவிடாது. டேக் விண்ணப்பம் செப்டம்பர் 1 முதல் 30 வரை மட்டும். ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் போடலாம். போடும்போதே 30 செமஸ்டர் யூனிட் (பாடத்தின் எடையைக் காட்டும் அலகு) முடித்திருக்க வேண்டும். காலாண்டு முறைக் காலேஜ் என்றால் 45. அதற்குப்பின் பொது விண்ணப்பத்தைத் தனியாக அனுப்ப வேண்டும். ஜனவரியில் 'டிரான்ஸ்ஃபர் அகடமிக் அப்டேட்' என்று ஒரு படிவம் வரும். ஃபால் (இலையுதிர்) பருவத்தில் வாங்கிய மதிப்பெண்ணையும், ஸ்ப்ரிங்கில் (வசந்தப் பருவத்தில்) எடுக்கும் பாடங்களையும் அதில் நிரப்ப வேண்டும். நல்ல மாணவர்கள் இதைத்தான் கோட்டை விடுகிறார்கள், விண்ணப்பம் போயாயிற்றே, இனி என்ன என்று மின்னஞ்சலைத் திறக்காமல் இருந்து. இதைப் பற்றி அந்த இரண்டு பக்கக் கட்டுரையில் ஒரு சொல் இல்லை. கோல்டன் கேட் பாலத்தின் படம் மட்டும் முக்கால் பக்கத்துக்கு நன்றாக வந்திருந்தது.

அடுத்து அந்தப் பெட்டிச் செய்தி. யூனிட்டுக்கு 46 டாலர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அது கலிஃபோர்னியாவில் குடியிருப்புத் தகுதி உள்ளவர்களுக்கு. மதுரையிலிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் வரும் பிள்ளைக்கு அதன்மேல் வெளியார் கட்டணமும் சேரும். மொத்தம் பல மடங்கு ஆகும். இந்தப் பெட்டியை வெட்டி வைத்துக்கொண்டு கல்விக் கடனுக்கு வங்கிக்குப் போகும் தகப்பனாருக்கு யார் பதில் சொல்வது? கன்சல்டன்சிக்காரர்கள் கொடுக்கும் நோட்டீஸில் இருப்பதும் இதே எண்தான் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன வருடச் சிறப்பிதழில் 'விளம்பரம்' என்ற சொல்லை எறும்பு எழுத்தில் அச்சிட்டு, மற்றபடி கட்டுரை போலவே வந்த நான்கு பக்கங்களும் நினைவுக்கு வருகின்றன.

இரண்டு வருடக் கணக்குக்கு வருகிறேன். 60 செமஸ்டர் யூனிட் சேர்ந்தால் மூன்றாம் ஆண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். யூனிட் சேர்வது வேறு, துறைக்குத் தேவையான பாடம் முடிவது வேறு. 'அசிஸ்ட்' என்ற இணையதளத்தை ஒருமுறை திறந்து பாருங்கள், இலவசம்தான். காலேஜையும் வளாகத்தையும் துறையையும் தேர்ந்தெடுத்தால் பக்கம் இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் பல்கலைக்கழகத்தின் பாடம், வலப்பக்கம் அதற்கு ஈடாக அவர்கள் ஏற்கும் கம்யூனிட்டி காலேஜ் பாடம். சில வரிகளில் வலப்பக்கம் இரண்டு மூன்று பாடங்களை 'ஆண்ட்' போட்டுக் கட்டியிருப்பார்கள். அதில் ஒன்றை விட்டால் மற்றவையும் அந்த இடப்பக்கப் பாடத்துக்கு ஈடாகாது. சில வரிகளில் 'நோ கோர்ஸ் ஆர்டிகுலேட்டட்' என்று இருக்கும். அந்தக் காலேஜில் அதற்கு ஈடான பாடமே இல்லை என்று பொருள். பக்கத்துக் காலேஜில் தேட வேண்டும், அல்லது போன பிறகு படிக்க வேண்டும். பாடத்தை எந்தக் கல்வியாண்டில் எடுத்தீர்களோ அந்த ஆண்டின் பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும், பிடிஎஃப் எடுத்து வைத்துக்கொள்ளவும் வேண்டும்.

அடிக்கடி கைவிட்டுப் போவது கால்குலஸ். காலாண்டு முறையில் நான்கு துண்டாக நடத்துவதை செமஸ்டர் முறையில் மூன்றாக நடத்துவார்கள். பாதியை ஒரு காலேஜிலும் மீதியை இன்னொன்றிலும் எடுத்தால் இணைப்பு பொருந்தாது; யூனிட் ஏறும், பாடம் ஏறாது. முதல் பருவத்தில் கால்குலஸ் வகுப்பில் இடம் கிடைக்கவில்லை என்றால் (புது மாணவர்களுக்குப் பதிவு வரிசையில் கடைசி இடம்தான்) அதை முன்தேவையாகக் கேட்கும் இயற்பியல் தள்ளிப்போகும், அதன் பின்னால் மற்றவையும் தள்ளிப்போகும். பெரும்பாலான வளாகங்கள் டிரான்ஸ்ஃபர் மாணவரை ஃபால் பருவத்தில் மட்டுமே எடுப்பதால், ஒரு பருவம் பிந்தினால் ஒரு வருடம் போய்விடும். எஃப்-1 மாணவர் பருவத்துக்கு 12 யூனிட் எடுத்தாக வேண்டும்; அதில் ஆன்லைன் வகுப்பு ஒன்றுதான் கணக்கில் வரும். கிடைத்ததை ஆன்லைனில் எடுத்துச் சமாளிக்கலாம் என்ற வழியும் அவருக்கு அடைபட்டிருக்கிறது.

'அசோசியேட் டிகிரி ஃபார் டிரான்ஸ்ஃபர்' என்ற, கம்யூனிட்டி காலேஜ் தரும் பட்டத்தைப் பற்றிய பத்தியிலும் இதே அரைகுறைதான். 2010இல் வந்த சட்டப்படி அந்தப் பட்டம் பெற்றவருக்குக் கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழக அமைப்பில் (மேலே சொன்னதிலிருந்து வேறு) எங்காவது ஓர் இடம் உண்டு. அது அந்த அமைப்பின் சான் ஹோசே ஸ்டேட்டில் இடம் என்று ஆகாது, கேட்ட துறையில் என்றும் ஆகாது.

பல்கலைக்கழகங்கள் கம்யூனிட்டி காலேஜ்களைத் தேடிப் போவதை ஏதோ தர்ம காரியம் போல எழுதியிருந்தது கட்டுரை. அமெரிக்காவில் 2007க்குப் பிறகு பிறப்பு விகிதம் சரிந்தது. அந்தப் பிள்ளைகள் கல்லூரிக்கு வரும் காலம் இது. காலி இருக்கைகளை நிரப்ப வேண்டும். இன்னொன்றும் உண்டு. அரசுக்குத் தரும் வழக்கமான பட்டம் பெறுவோர் விகிதம் முதலாண்டில் முழுநேரமாகச் சேர்ந்தவர்களை வைத்துப் போடுவது. இடையில் வந்து சேர்ந்தவர் தோற்றாலும் அந்த எண்ணில் கறை படாது. கட்டணம் மட்டும் கணக்கில் வரும்.

கூட்டு முயற்சியே கூடாது என்று நான் சொல்லவில்லை. வர்ஜீனியாவில் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகமும் நார்தர்ன் வர்ஜீனியா கம்யூனிட்டி காலேஜும் 2018இல் தொடங்கிய 'அட்வான்ஸ்' திட்டத்தில், மாணவர் காலேஜில் இருக்கும்போதே நான்கு ஆண்டுப் பாட வரிசையும் அவர் கையில் இருக்கும், ஆலோசகரும் இருப்பார். ஃப்ளோரிடாவில் வலென்சியா காலேஜுக்கும் சென்ட்ரல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துக்கும் நடுவே இருப்பதும் நன்றாக ஓடுகிற ஏற்பாடு. அங்கே மாநிலம் முழுக்கப் பாட எண்களே பொது. இரு தலைவர்கள் கைகுலுக்கும் புகைப்படத்தை நம்பாதீர்கள். பாடத்துக்குப் பாடம் ஈடு எழுதிய தாள் இருக்கிறதா, எந்த ஆண்டு வரை செல்லும் என்று கேளுங்கள். அது இல்லாத ஒப்பந்தத்தில் என்ன நடக்கும் என்பதை அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகமே 2017இல் சொன்னது: கல்லூரி மாறுகிறவர்கள் சராசரியாக 43 விழுக்காடு கிரெடிட்டை (படித்துச் சேர்த்த யூனிட்டை) இழக்கிறார்கள். கம்யூனிட்டி காலேஜில் தொடங்கும் நூறு பேரில் ஆறு ஆண்டுக்குள் இளங்கலைப் பட்டம் பெறுகிறவர் 16 பேர்தான் என்கிறது 2024இல் வந்த ஆய்வு. தங்கள் தலைப்பு 'பாதிச் செலவில்' என்று முடிகிறது.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஆகஸ்ட் இதழுக்குள், அதே கல்வி இணைப்பில், அதே அளவு எழுத்தில் மூன்று திருத்தங்கள்: பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோவில் உத்தரவாதம் இல்லை; 46 டாலர் வெளிநாட்டு மாணவருக்கு இல்லை; டேக் கடைசி நாள் செப்டம்பர் 30. பட ஒப்பீடு, வரைபடம் எதுவும் வேண்டாம்.

இடமில்லை என்றால் இந்தக் கடிதத்தை வெளியிடாமலே விட்டுவிடுங்கள். போன முறை எழுதியதில் குறைகளையெல்லாம் நீக்கி, அச்சுத் தரம் அருமை என்ற முதல் வரியை மட்டும் என் பெயரோடு போட்டீர்கள். அந்தப் பெருமை ஒருமுறை கிடைத்தது போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா