கல் வலியோடு காத்திருந்த தம்பிக்கு

அன்புள்ள தம்பி முருகேசா,

ராத்திரி முழுக்க உன்னைப் பெஞ்சிலேயே உட்கார வைத்ததையும், "கேஸ்தான்" என்று ஒரு ஊசி போட்டு அனுப்பியதையும், மறுநாள் ஸ்கேனில் 6 மி.மீ. சிறுநீரகக் கல் தெரிந்ததையும் சாந்தி சொன்னாள். இனி செத்தாலும் அவசரப் பிரிவுப் பக்கம் போகமாட்டேன் என்றாயாமே. உன் கோபம் நியாயம். ஆனால் அந்த முடிவு வேண்டாம். ஒரு தடவை கல் வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். உன்னைப் போல நிறையப் பேர் இருப்பதால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

அவசரப் பிரிவில் வந்த வரிசைப்படி பார்ப்பதில்லை. உயிருக்கு ஆபத்தானவர் சிவப்பு, அடுத்து மஞ்சள், காத்திருக்கக் கூடியவர் பச்சை என்று ஆளைப் பிரிப்பார்கள். பிரிக்கிற நர்ஸ் முதலில் பார்ப்பது நாடி, பிரஷர், மூச்சு, ஆக்சிஜன், நினைவு. கல் வலியில் ஆள் துடித்துக்கொண்டிருந்தாலும் இந்த எண்கள் பெரிதாக மாறுவதில்லை. அதோடு "வயிறு வலிக்குது" என்று மட்டும் சொன்னால் பச்சையில் போய் உட்கார வேண்டியதுதான்.

அதனால் முதல் நிமிடத்தில் இப்படிச் சொல்: "ராத்திரி 11 மணிக்குத் திடீர்னு வலது விலாவுல ஆரம்பிச்சுது. அடிவயிறு, விதை வரைக்கும் இழுக்குது. படுக்கவும் முடியல, உட்காரவும் முடியல. பத்துக்கு ஒன்பது வலி. ரெண்டு தடவை வாந்தி. முன்னாடியே கல் இருக்கு." உன்னால் பேச முடியாது, சாந்தி சொல்லட்டும். இதை ஒரு தாளில் எழுதி, பழைய ஸ்கேன் ரிப்போர்ட், ஆதார், முதல்வர் காப்பீட்டு அட்டையோடு ஒரே கவரில் வைத்துவிடு.

அடுத்தது ஊசி. "ஸ்கேன் பார்த்துட்டுத்தான் வலிக்கு மருந்து, இல்லேன்னா நோய் மறைஞ்சிடும்" என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். ஸ்கேனே இல்லாமல் கையால் தொட்டு மட்டும் வயிற்றைப் பார்த்த காலத்துப் பழக்கம் அது. வலியை முதலில் குறைத்தால் நோயைக் கண்டுபிடிப்பது கெடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. கல் வலிக்கு வழக்கமாக முதலில் போடுவது டைக்லோஃபெனாக், 75 மி.கி., தசையில். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, மருந்து அலர்ஜி இதில் எது இருந்தாலும் கேட்காமலே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு வேறு மருந்து. அரைமணி நேரத்தில் வலி இறங்கவில்லை என்றால் டூட்டி டாக்டரைத் திரும்பப் பார்க்கச் சொல்லிக் கேள். கெஞ்சத் தேவையில்லை. டிரமடால் என்ற கடுமையான வலி மருந்தைப் போடச் சிலர் தயங்குவார்கள்; 2018 முதல் அது போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

பாட்டில் பாட்டிலாக டிரிப்ஸ் ஏற்றினால் கல் சீக்கிரம் இறங்கிவிடாது. வாந்தியில் உடம்பு வற்றியிருந்தால் அது வேண்டும், அவ்வளவுதான். பீர் குடித்தால் கல் கரையும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே.

கல்லோடு குளிர்க்காய்ச்சல் வந்தால், சிறுநீரே வராமல் நின்றுவிட்டால், ஒரே சிறுநீரகம் உள்ளவராக இருந்தால், அதைத்தான் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். அடைபட்ட இடத்தில் சீழ் பிடித்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. அப்பாவுக்கு மேல்வயிறு வலித்து வியர்த்தால் கேஸ் என்று விடாதீர்கள், மாரடைப்பாக இருக்கலாம். உடனே ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள். பையனுக்கு விதையில் திடீர் வலி என்றால் அது முறுக்கிக்கொண்டிருக்கலாம், 6 மணி நேரத்துக்குள் அறுவை மேஜைக்குப் போக வேண்டும்.

ராத்திரியில் வலி வந்தால் ஏற்காட்டிலிருந்து சேலத்துக்குப் பைக்கில் இறங்காதே. 20 கொண்டை ஊசி வளைவும் வாந்தியும் சேர்ந்தால் கீழே போவதற்குள் துவண்டுவிடுவாய். 108-ஐக் கூப்பிடு. முதலில் ஏற்காடு அரசு மருத்துவமனையிலேயே வலிக்கு ஊசி கேள். என்ன ஊசி, எத்தனை மணிக்கு என்று சீட்டில் எழுதி வாங்காமல் கிளம்பாதே. அது கையில் இல்லையென்றால், அதே மருந்தை மறுபடி போட்டுவிடக் கூடாதே என்று சேலத்தில் தயங்குவார்கள். நீ திரும்பக் காத்திருப்பாய்.

எந்த ஆஸ்பத்திரியாவது பார்க்காமலே அனுப்பினால் நேரத்தைக் குறித்துக்கொள், காரணத்தை எழுதித் தரச் சொல். உயிர் காக்கும் சிகிச்சையைத் தாமதிக்காமல் தருவது அரசு, தனியார் என்ற பேதமில்லாமல் எல்லா மருத்துவர்களின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. புகார் சொல்ல 104 என்ற சுகாதார உதவி எண் இருக்கிறது.

6 மி.மீ. கல் தானாக விழலாம், விழாமலும் போகலாம். சிறுநீரக மருத்துவரின் ஓ.பி.க்கு இந்த வாரமே போய்விடு. அதுவரை மெல்லிய துணியிலோ வடிகட்டியிலோ சிறுநீரை வடித்துப் பார். கல் கிடைத்தால் தூக்கிப் போடாமல் காய்ந்த டப்பாவில் போட்டு எடுத்துப் போ. அது என்ன கல் என்று தெரிந்தால்தான் எதைக் குறைத்துச் சாப்பிடுவது என்று அவரால் சொல்ல முடியும்.

அன்புடன்,
அக்கா