கொப்பியை எப்படி வாசிப்பது: அணியை ஏற்கும் மகளுக்கு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள பிள்ளைக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். நீயும் மருமகனும் சுகமாய் இருக்க வேண்டுகிறோம். இனி எங்கள் ஃபன்டஸி ஃபுட்போல் அணியை நீயே நடத்துகிறாய் என்றது எனக்குப் பெரிய சந்தோஷம். நிஜ என்.எஃப்.எல். (அமெரிக்க ஃபுட்போல்) ஆட்டக்காரர்களைப் பேப்பரில் எங்கள் அணிக்கு எடுத்து, அவர்கள் நிஜ ஆட்டத்தில் ஆடுவதை வைத்துப் புள்ளி எண்ணுகிற விளையாட்டுத்தானே இது. லீக் ரொறன்ரோவில் நடந்தாலும் எங்கள் அணியின் கணக்கு முழுக்க இங்கே ஒரு சீ.ஆர். கொப்பியில்தான் இருக்கிறது. ஸ்கான் பண்ணி அனுப்பியிருக்கிறேன். 2017-க்கு முந்திய பக்கங்களைத் தேடாதே. லீக் ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்கு மாறினபோது அந்த வருஷங்கள் அப்படியே போய்விட்டன. அதனால் நீயும் தளத்தை நம்பியிராமல் ட்ராஃப்ட் (அணிகள் ரவுண்ட் ரவுண்டாய் முறைக்கு ஒருவராக ஆள் எடுப்பது) முடிந்த அன்றைக்கே கையால் எழுதிவை.

ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து நிரல் இருக்கும்: ஆளின் பெயர், எடுத்த ரவுண்ட், அடுத்த வருஷம் வைத்திருக்கக் கொடுக்க வேண்டிய ரவுண்ட், எத்தனையாம் வருஷம், ஏன் எடுத்தோம். கடைசி நிரலைத்தான் நீ வடிவாக வாசிக்க வேண்டும்.

விதிகள் உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதிவிடுகிறேன். 12 அணி, 16 ரவுண்ட், ஒரு காட்சுக்கு அரைப் புள்ளி. மூன்று பேரை அடுத்த வருஷத்துக்கும் கீப்பராக வைத்திருக்கலாம். போன வருஷம் போன ரவுண்டை விட இரண்டு ரவுண்ட் முன்னால் விலை. வேவரில் (ட்ராஃப்டில் யாரும் எடுக்காதவரைப் பிறகு ஏலத்தில் எடுப்பது) எடுத்தவருக்கு 12-ம் ரவுண்ட். முதல் இரண்டு ரவுண்டில் எடுத்தவரை வைத்திருக்கவே முடியாது. யாரானாலும் மூன்று வருஷம்தான், பிறகு பொதுவில் விட வேண்டும்.

இப்போது 2018 பக்கத்தைப் பார். பட்ரிக் மஹோம்ஸ் (கன்சாஸ் சிட்டியின் குவார்ட்டர்பேக், பந்து எறிபவர்), 11-ம் ரவுண்ட். காரணம் என்ற நிரலில் "அலெக்ஸ் ஸ்மித் போய்விட்டார்" என்று மட்டும் இருக்கும். மஹோம்ஸ் 2017 முழுக்க பெஞ்சில் இருந்து, கடைசி ஆட்டத்தில் மட்டும் தொடங்கியவர். ஸ்மித்தை வோஷிங்டனுக்கு அனுப்பியவுடன் இடம் காலியாகிவிட்டது. பந்து பிடிக்கிற டைரீக் ஹில்லும் ட்ராவிஸ் கெல்சியும் அங்கேயே இருந்தார்கள், மஹோம்ஸின் விலைதான் ஏறவில்லை. அந்த வருஷம் 50 டச்டவுன் எறிந்தார். அவரை வைத்திருக்க 2019-ல் 9-ம் ரவுண்ட், 2020-ல் 7, 2021-ல் 5, அதோடு சரி.

2021 பக்கத்தில் கூப்பர் கப் (ராம்ஸ் அணியின் ரிசீவர், பந்து பிடிப்பவர்), 4-ம் ரவுண்ட். காரணம்: "ஸ்டாஃபோர்ட் வந்துவிட்டார்". ராம்ஸ் அணி டெட்ராய்ட்டிலிருந்து குவார்ட்டர்பேக் மத்தியூ ஸ்டாஃபோர்டை எடுத்த வருஷம் அது. அந்த வருஷம் கப் 145 காட்ச், 1947 யார்ட், 16 டச்டவுன்.

2023 பக்கத்தில் அதே ராம்ஸ் அணியின் ரிசீவர் புகா நகுவா. எங்கள் ட்ராஃப்டில் யாரும் எடுக்கவில்லை, வேவரில் எடுத்தோம். காரணம்: "கப்புக்குக் காயம்". நிஜ என்.எஃப்.எல். ட்ராஃப்டிலும் ஐந்தாம் ரவுண்டில் போன பெடியன். கப் முதல் நான்கு ஆட்டமும் இல்லாததால் முதல் கிழமையே 10 காட்ச், 119 யார்ட் எடுத்தார், எங்கள் கணக்கில் 16.9 புள்ளி. ஆனால் அந்தக் கிழமை பார்க்க வேண்டியிருந்தது புள்ளியை அல்ல. 15 தரம் பந்து அவரை நோக்கி எறியப்பட்டது. ஒரு புது ஆளுக்கு 15 தரம் என்றால் அணி அவரை நம்பித்தான் ஆட்டத்தை அமைத்திருக்கிறது. நீளமாய் ஓடின ஒரே ஒரு காட்சால் 16 புள்ளி எடுத்தவரோடு இவரை ஒப்பிடவே கூடாது. வேவர் ஏலத்துக்கு வருஷத்துக்கு 100 டொலர்தான் இருக்கிறது என்று பயந்திருந்தால் அவர் கிடைத்திருக்க மாட்டார். பாதிக்கு மேல் கொடுக்கத்தான் வேண்டும், அதுவும் முதல் இரண்டு கிழமைக்குள். டிசம்பரில் மிச்சம் இருக்கிற டொலரால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஏலம் கேட்கும்போது 20 என்று போடாதே, 21 என்று போடு. எல்லோரும் முழு இலக்கம்தான் போடுவார்கள்.

மூன்று பேரிலும் ஒரே விஷயம்தான் நடந்திருக்கிறது. ஆளின் திறமை ஒரே நாளில் மாறவில்லை, பக்கத்தில் நின்றவர் மாறினார். மார்ச் மாதத்திலிருந்து யார் எங்கே போகிறார், யார் இடம் காலி என்று எழுதி வை. எங்கள் அணி தப்பிப் பிழைத்ததெல்லாம் அதில்தான்.

2022-ல் கப்பை 2-ம் ரவுண்டுக்கு வைத்திருந்தோம். ஒன்பது ஆட்டத்தோடு கணுக்காலில் காயப்பட்டுப் போய்விட்டார். அந்த வரிக்குப் பக்கத்தில் "சரி" என்றுதான் எழுதியிருக்கிறது, அதை வெட்டாதே. அன்றைக்கு அவர் முதல் ரவுண்டின் தொடக்கத்திலேயே போகிற ஆள், நாங்கள் ஒரு ரவுண்ட் மலிவாய் வாங்கினோம். ட்ராஃப்ட் நாளில் தெரிந்ததை வைத்துத்தான் ஒரு முடிவைச் சரி பிழை சொல்ல வேண்டும். ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) கிறிஸ்டியன் மக்காஃப்ரியும் அப்படித்தான். 2017-ல் 4-ம் ரவுண்ட், 2018-ல் 2, பிறகு விதிப்படி கைவிட வேண்டியதாயிற்று. 2019-ல் அவர் ஓடியும் ஆயிரம் யார்ட், பிடித்தும் ஆயிரம் யார்ட். அடுத்த வருஷம் அதே ஆள் மூன்று ஆட்டம்தான் ஆடினார். விதி கொண்டுபோகிறவரை நினைத்துக் கவலைப்படாதே.

கீப்பர் தெரிவு செய்யும்போது சந்தை ரவுண்டுக்கும் (பொதுவாய் ஆள் போகிற ரவுண்ட்) எங்கள் ரவுண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்ப்பாய். ஆனால் எல்லா இடைவெளியும் ஒன்றல்ல. 14-ம் ரவுண்ட் விலையில் 10-ம் ரவுண்ட் ஆள் என்றால் நான்கு ரவுண்ட் லாபம் மாதிரித் தெரியும், உண்மையில் அப்படியான ஆளை செப்டம்பரில் வேவரில் சும்மா எடுக்கலாம். 2-ம் ரவுண்ட் விலையில் முதல் ரவுண்ட் ஆள் என்றால் அந்த ஒரு ரவுண்டே பெரிது. ஒரே ஒரு குவார்ட்டர்பேக்கை இறக்குகிற லீக் என்பதால், இடைவெளி சமமாய் இருந்தால் ரிசீவரை வை. ரன்னிங் பேக்கை 27 வயதுக்குப் பிறகு மூன்று வருஷக் கணக்குப் போட்டு வைக்காதே. டெரிக் ஹென்ரி 30 வயதில் 1921 யார்ட் ஓடியதை யாராவது சொல்லிக் காட்டுவார்கள். அவர் ஒருவர்தான், அவரை வைத்து மற்றவர்களுக்கு விலை போடக்கூடாது.

பிழை விடுகிற இடங்கள் சில இருக்கின்றன. ஒரே ரவுண்ட் விலையில் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் ஒரு ரவுண்ட் முன்னால் போவார், ஆகவே வேவர் ஆட்கள் இருவர் என்றால் 12-ம் 11-ம். அந்த ரவுண்ட்களை நீ ட்ரேடில் (இன்னொரு அணியோடு மாற்றுவதில்) கொடுத்துவிட்டால் ஆளை வைக்கவே முடியாது. ஒக்டோபரில் ட்ரேட் பண்ணும்போதே கொப்பியைத் திறந்து பார். ட்ரேடில் வருகிறவர் தன் பழைய விலையோடும் பழைய வருஷக் கணக்கோடும்தான் வருவார். விட்டுவிட்டுத் திரும்ப எடுத்தாலும் விலை 12-க்கு இறங்காது.

இணையத்தில் வருகிற தரவரிசையை அப்படியே பாவிக்காதே. 12 அணியிலும் மூவராக 36 பேர் ஏற்கனவே கீப்பராகப் போய்விட்டார்கள். அவர்களை வெட்டிவிட்டு மிச்சப் பேரை 1-லிருந்து திரும்ப எண்ணு. அப்போதுதான் புதுப் பெடியன்கள் ஏன் எங்கள் லீக்கில் இரண்டு ரவுண்ட் முந்திப் போகிறார்கள் என்று விளங்கும். ட்ராஃப்ட் தொடங்க முதல் கமிஷனர் (லீக்கை நடத்துபவர்) எங்கள் மூவரையும் சரியான ரவுண்டில் போட்டிருக்கிறாரா என்று பார், தொடங்கினால் திருத்த நேரம் இருக்காது.

விதிப் பக்கத்தில் இரண்டு திருத்தம் காண்பாய். ஒன்று குவார்ட்டர்பேக் அன்ட்ரூ லக் 2019 ஓகஸ்ட் 24-ல் திடீரென்று ஓய்வு பெற்றபோது வந்தது. கீப்பர் பட்டியல் கொடுத்த பிறகு ஓய்வு பெறுகிறவரை வைத்திருந்த அணிக்கு அந்த ரவுண்ட் திரும்பக் கிடைக்கும். மற்றது 2023 ஜனவரி 2, எங்களுக்கு விடிந்து 3-ம் திகதி, பஃபலோவின் டமார் ஹம்லின் மைதானத்தில் விழுந்த ஆட்டம். ஆட்டம் நின்றது, பிறகு ரத்தானது. எங்கள் லீக்கின் இறுதிப் போட்டியும் அதே கிழமைதான். அந்தப் பக்கத்தில் கிண்ணம் இரண்டு பேருக்கும் பங்கு என்றிருக்கும். அடுத்த சீசனில் ஹம்லின் திரும்ப ஆடினார் என்பதையும் அதன் கீழேயே எழுதியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் பகல் 1 மணி ஆட்டங்களுக்கு ஆடாதவர் பட்டியல் 11.30-க்கு வரும், இங்கே இரவு 9 மணி. நவம்பரில் உங்கள் மணி மாறினால் இங்கே 10 மணி. லண்டன் ஆட்டங்கள் உங்களுக்குக் காலை 9.30, பட்டியல் 8 மணிக்கு. அந்தக் கிழமைகளில் நீ ஆறுதலாக எழும்பு. இங்கே பின்னேரம் 5.30, நான் பார்த்து மாற்றிவிடுகிறேன். என் பெயரையும் அணியில் துணை மனேஜராகச் சேர்த்துவிடு.

நகுவாவின் விலை 2024-ல் 12-ம் ரவுண்ட், 2025-ல் 10, 2026-ல் 8. அதுதான் கடைசி வருஷம். அதற்கு முன்னால் அவருக்கு யாராவது நல்ல ட்ரேட் கேட்டால் எனக்கு ஒரு கோல் எடு, இருவருமாய்க் கொப்பியைப் பார்த்து முடிவெடுப்போம். அம்மா தனியாக வாட்ஸப்பில் எழுதுகிறா.

அன்புடன்,
அப்பா