கேட்காமல் சேர்த்த பத்து சதவீதமும் அதற்காகத் திட்டு வாங்கிய சர்வர் தம்பியும்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
மேற்கு மாம்பலம், சென்னை.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் அவர்கள்,
தலைமை அலுவலகம்.

நாள்: 11-11-2025

பொருள்: 08-11-2025 சனிக்கிழமை இரவு உங்கள் நுங்கம்பாக்கம் ஹோட்டலின் பாரிலும் உணவகத்திலும் எங்கள் சம்மதம் இல்லாமல் வசூலித்த ₹1,029, அது குறித்துக் கேட்டபோது உங்கள் மேலாளர் நடந்துகொண்ட விதம்.

ஐயா / அம்மையீர்,

சனிக்கிழமை என் அப்பாவுக்கு 75 வயது நிறைந்தது. வீட்டில் விசேஷமாக எதுவும் வேண்டாம், எல்லோரும் சேர்ந்து ஒரு நல்ல இடத்தில் சாப்பிட்டால் போதும் என்று அவர்தான் சொன்னார். உங்கள் ஹோட்டலைத் தேர்ந்தெடுத்தது நான். அப்பா, அம்மா, மனைவி, மகள், தங்கை, தங்கையின் கணவர், நான் என்று ஏழு பேர். எட்டரை மணிக்கு டேபிள் சொல்லியிருந்தோம்.

மாப்பிள்ளையும் நானும் அலுவலகத்திலிருந்து நேராக வந்ததால் ஏழரைக்கே வந்துவிட்டோம். மாடியில் உள்ள பாரில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு பெக்கும் ஒரு பியரும் சாப்பிட்டோம். பில் வந்தபோது நாங்கள் கேட்காத மசாலா கடலை ஒன்று அதில் இருந்தது. சொன்னவுடன் அங்கிருந்தவர் மன்னிப்புக் கேட்டு, அதை நீக்கி வேறு பில் போட்டுத் தந்தார். மது ₹2,100, அதற்குக் கீழே ஆங்கிலத்தில் ஏதோ எழுதி ஒரு தொகை, மொத்தம் ₹2,310. குடும்பம் கீழே வந்துவிட்டதாக போன் வந்ததால் அது என்னவென்று பார்க்காமலே கார்டைக் கொடுத்துவிட்டேன். அந்தக் கடலை விஷயத்தை இங்கே எழுதக் காரணம் இருக்கிறது. கேட்காத ஒன்றைப் பில்லிலிருந்து எடுப்பது உங்கள் கணினியில் முடியாத காரியம் இல்லை என்பதை அன்றே கண்ணால் பார்த்தேன்.

கீழே உணவகத்தில் எங்கள் டேபிளுக்கு வந்த சர்வர் தம்பியைப் பற்றி முதலில் எழுத வேண்டும். டேபிளில் மெனு கார்டு இல்லை, க்யூஆர் கோடு மட்டும்தான். அப்பாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. போனில் சின்ன எழுத்தைப் படிக்க முடியாது. அந்தத் தம்பி அப்பாவின் நாற்காலிப் பக்கத்தில் வந்து குனிந்து நின்று, ஒவ்வொரு பதார்த்தமாகப் பெயர் சொல்லி, எதில் காரம் தூக்கல், எதில் மிதம் என்று பொறுமையாக விளக்கினார். அம்மாவுக்குப் பல் பிரச்சினை என்று கேட்டதும், பரோட்டா வேண்டாம்மா, ஆப்பம் சூடாகப் போடச் சொல்கிறேன் என்றார். அம்மா கேட்காமலே வெந்நீர் வந்தது. மீன் குழம்பு கொஞ்சம் ஆறியிருந்தது. நாங்கள் வாயைத் திறக்கும் முன் அவரே கவனித்து எடுத்துப்போய்ச் சூடாகக் கொண்டுவந்தார். சாப்பாட்டில் எனக்குக் குறை எதுவும் இல்லை. சமையல்கட்டில் இருப்பவர்களுக்கும் அதைச் சொல்லிவிடுங்கள்.

என் அப்பா இதையெல்லாம் ஒரு தொழில்காரரின் கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தார். 1968-ல், பதினெட்டு வயதில் அவர் சென்னைக்கு வந்து முதலில் செய்த வேலை திருவல்லிக்கேணியில் ஒரு மெஸ்ஸில் சப்ளையர் வேலை. முதலில் இலை எடுத்தார், அப்புறம் தண்ணீர் ஊற்றினார், அப்புறம்தான் பரிமாற விட்டார்கள். பதினோரு வருடம். சம்பளத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு, டேபிளில் விட்டுப்போகும் நாலணா, எட்டணாவில்தான் தன் செலவைப் பார்த்துக்கொண்டாராம். மாதம் ஒரு முறை அந்தக் காசைச் சேர்த்துக்கொண்டு மவுன்ட் ரோடு புஹாரிக்குப் போய் ஒரு பிரியாணி சாப்பிடுவாராம். அன்று மட்டும் தான் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் தனக்குப் பரிமாறுவார் என்பார். அங்கே சர்வருக்கு நாலணா வைக்காமல் எழுந்ததே இல்லை என்றும் சொல்வார். இன்றைக்கும் எந்த ஹோட்டலுக்குப் போனாலும் சர்வருக்கு எடுத்துவைத்த பணம் அவர் சட்டைப் பையில் தனியாக இருக்கும்.

சனிக்கிழமையும் அப்படித்தான், ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டு மடித்து வைத்திருந்தார்.

பில் வந்தது. என் மகள் அதை தாத்தாவுக்கு வாசித்துக் காட்டினாள். சாப்பாடு ₹7,800. ‘ஸ்டாஃப் காண்ட்ரிபியூஷன்’, அதாவது ஊழியர் பங்களிப்பு, பத்து சதவீதம், ₹780. இரண்டும் சேர்ந்த ₹8,580-க்கு ஐந்து சதவீதம் ஜிஎஸ்டி ₹429. மொத்தம் ₹9,009. அப்பா அந்த நடு வரியை மறுபடி வாசிக்கச் சொன்னார். பிறகு தம்பியைப் பார்த்து, "இந்த எழுநூத்தி எண்பது உங்க கைக்கு வருமாப்பா?" என்று கேட்டார். அதில் குற்றம் கண்டுபிடிக்கும் எண்ணம் எதுவும் இல்லை. வருமென்றால் சந்தோஷப்பட்டிருப்பார். தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "தெரியலைங்க ஐயா" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

நான் அந்தத் தொகையை நீக்கித் தரச் சொன்னேன். சாதாரணமாகத்தான் கேட்டேன், குரலை உயர்த்தவில்லை. மேலாளர் வந்தார். "சார், இது கம்பெனி பாலிசி, சிஸ்டத்துலயே வந்துடும், எடுக்க முடியாது" என்றார். எங்கே சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, க்யூஆர் மெனுவின் கடைசிப் பக்கத்தை என் போனிலேயே திறந்து பெரிதாக்கிக் காட்டினார். இருந்தது. இனிப்பு வகைகளுக்கும் கீழே, சாம்பல் நிற எழுத்தில். மாடியில் கடலையை நீக்கினார்களே என்றேன். அது வேறு, இது வேறு என்றார். நீதிமன்றமே இந்தப் பெயரில் வசூலிக்க அனுமதி கொடுத்திருக்கிறது என்றும் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். எங்களிடம் பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று திரும்பி, எங்கள் எதிரிலேயே அந்தத் தம்பியிடம், "கெஸ்ட்கிட்ட என்ன சொல்லி வெச்ச நீ? உன்னாலதான் இந்தப் பேச்சே வந்துச்சு. உள்ள போ" என்றார். பக்கத்து டேபிளில் ஒரு குடும்பம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. தம்பி கையிலிருந்த ஆர்டர் மெஷினை வைத்துவிட்டுப் போனார். என் அப்பா எழுந்து நின்று, "அவரை ஒண்ணும் சொல்லாதீங்க, கேட்டது நான்தான்" என்றார். மேலாளர் அவருக்குப் பதில் சொல்லவே இல்லை. 75 வயதுக்காரர் எழுந்து நின்று பேசுகிறார், அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் என்னிடம் கார்டு மெஷினை நீட்டினார். அம்மாவுக்கு அழுகை வருவதுபோல் ஆகிவிட்டது. நான் முழுப் பணத்தையும் கட்டிவிட்டுக் கிளம்பினேன். மடித்து வைத்த நோட்டு அப்பாவின் பையிலேயே வீட்டுக்கு வந்தது.

இப்போது விதிமுறைக்கு வருகிறேன். உங்கள் மேலாளருக்குத் தெரியாமல் இருக்கலாம், தலைமை அலுவலகத்துக்குத் தெரியாமல் இருக்காது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, எந்த ஹோட்டலும் உணவகமும் சேவைக் கட்டணத்தைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது. வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது. கொடுப்பதும் கொடுக்காததும் வாடிக்கையாளர் விருப்பம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். உணவுத் தொகையோடு அதைச் சேர்த்து அந்த மொத்தத்துக்கு ஜிஎஸ்டி போடுவதும் கூடாது. நீங்கள் இவை அத்தனையையும் ஒரே பில்லில் மீறியிருக்கிறீர்கள்.

நீதிமன்ற அனுமதி என்று மேலாளர் சொன்னது எதை என்றும் புரிகிறது. அந்த வழிகாட்டுதலை எதிர்த்து உணவகச் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, 2023-ல் வந்த இடைக்கால உத்தரவில்தான் இந்த ‘ஸ்டாஃப் காண்ட்ரிபியூஷன்’ என்ற பெயர் வந்தது. ஆனால் 2025 மார்ச் 28 அன்று இறுதித் தீர்ப்பு வந்துவிட்டது. சேவைக் கட்டணத்தைக் கட்டாயமாக வசூலிப்பது நுகர்வோர் உரிமைக்கு விரோதமானது என்று சொல்லி மனுக்களைத் தள்ளுபடி செய்தார்கள். வழக்குப் போட்ட இரண்டு சங்கங்களுக்கும் ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய் செலவுத் தொகையும் விதித்தார்கள். அதன்மேல் மேல்முறையீடு போயிருப்பதும் எனக்குத் தெரியும். ஆனால் முடிந்துபோன இடைக்கால உத்தரவைக் காட்டி நவம்பர் மாதம் என்னிடம் பணம் வாங்குவது சரியில்லை.

ஊழியர்களுக்கு நல்ல சம்பளம் தர வேண்டும், செலவு கட்டுப்படியாகவில்லை என்பது உங்கள் நிலை என்றால் ஆப்பத்தின் விலையையோ மீன் குழம்பின் விலையையோ ஏற்றுங்கள். விலை நிர்ணயிக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. வாசலிலேயே தெரிந்துகொண்டு, வேண்டுமென்றால் உள்ளே வருவோம், இல்லையென்றால் வேறு இடம் பார்ப்போம். சாப்பிட்டு முடித்தபின் ஒரு கட்டணத்தைச் சேர்த்து, அதற்கு ஊழியர் பெயரை வைத்து, அந்தப் பணம் தனக்கு வருமா என்றுகூடத் தெரியாத ஊழியரையே அதற்காகத் திட்டுவது என்னால் ஏற்றுக்கொள்ள முடியாத ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே உங்கள் செயலி வழியாக இதைச் சுருக்கமாக எழுதினேன். நான்கு நிமிடத்தில் பதில் வந்தது. "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரு வரி, அடுத்த முறை வரும்போது பயன்படுத்திக்கொள்ள ₹500-க்கு ஒரு கூப்பன். என் கடிதத்தை யாராவது படித்திருந்தால் அந்தக் கூப்பன் வந்திருக்காது. அதை நான் பயன்படுத்தப் போவதில்லை.

பணக் கணக்கு இது. உணவகத்தில் ₹780, அதன்மேல் போட்ட ஜிஎஸ்டி ₹39, பாரில் இதே கட்டணம் ₹210. மொத்தம் ₹1,029. இதை நான் கட்டிய அதே கார்டுக்குத் திருப்பி அனுப்புங்கள். உங்கள் கிளைகளில் இந்தக் கட்டணம் தானாகச் சேர்வதை நிறுத்தியாகிவிட்டதா என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். என் அப்பாவிடம் அந்த மேலாளர் போனிலாவது பேச வேண்டும் என்று கேட்கிறேன். இதை நான் அவரைக் கேட்டு எழுதவில்லை, அவர் கேட்கவும் மாட்டார்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது அந்தத் தம்பி. இணைத்திருக்கும் பில் நகலில் அச்சாகியிருந்த அவர் பெயரை மறைத்திருக்கிறேன். பில் எண்ணை வைத்து நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்பதும் தெரியும். அதனால்தான் தெளிவாக எழுதுகிறேன்: அவர் எங்களிடம் எதையும் தூண்டிவிடவில்லை. பில்லைப் பற்றி அவராக ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு பெரியவர் கேட்ட கேள்விக்குத் தெரியாது என்று உண்மையைச் சொன்னார். அதற்காக அவருடைய சம்பளத்திலோ, ஷிஃப்ட்டிலோ, வேலையிலோ கை வைத்தால், எனக்குப் பணம் திரும்பி வந்தாலும் இந்தப் புகாரை விடமாட்டேன். அவர் மீது நடவடிக்கை இல்லை என்பதையும் எழுதித் தாருங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன். வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். ஆயிரம் ரூபாய்க்கு ஏன் இவ்வளவு தூரம் என்று மாப்பிள்ளைகூடக் கேட்டார். அன்று என் அப்பா எழுந்து நின்றபோது அவர் கை நடுங்கியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

அந்த ஐந்நூறு ரூபாயை அப்பா இன்னும் செலவழிக்கவில்லை. சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். அந்தத் தம்பிக்கு எந்த நாளில் எந்த ஷிஃப்ட் என்று தெரிந்தால் நேரில் வந்து கொடுத்துவிட்டுப் போகிறேன் என்கிறார். அவர் அங்கே வேலையில் இருக்கிறார் என்று நீங்கள் எழுதினால் அழைத்து வருகிறேன்.

இணைப்பு: பில் நகல் இரண்டு, செயலியில் வந்த பதிலின் படம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்